பொறுமையா, வீம்பா?

ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்த நேரம். எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னைத் தூணோரமாக அழைத்துச் சென்று, தணிந்த குரலில் கேட்டார்: “ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க. காலைல நீங்க பீச் ரோட்டுல ஓடுறதாப் பிள்ளைங்க சொல்லுதுங்க. ஆலிம் ஓடலாமா?”

பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். எங்கள் புதுச்சேரி வழக்கில் ‘சொல்தா’. எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடுகிறவர். கேட்டதில் தவறும் இல்லை. ‘முரூஅத்’ என்று ஒன்று கிதாபுகளில் உண்டு. தம் தகுதிக்கும் ஊர் வழக்கத்துக்கும் ஒவ்வாத காரியங்களை ஒருவர் செய்தால் அவருடைய கண்ணியம் குறைகிறது. சில சமயம் அவருடைய சாட்சியம்கூட ஏற்கப்படாமல் போகும் என்று ஃபிக்ஹு இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். கடைத்தெருவில் நின்று உண்பதும், திறந்த தலையுடன் நடப்பதும் அதற்குச் சொல்லப்பட்ட உதாரணங்கள். ஆனால் ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி இது மாறும் என்பதையும் அதே இமாம்கள் சேர்த்தே எழுதினார்கள். இன்று எங்கள் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் வக்கீலும் ஓடுகிறார், வாத்தியாரும் ஓடுகிறார், மூதாட்டிகளும் வேகநடை போடுகிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அணிவது கணுக்கால் வரை வரும் கால்சட்டை, தலையில் தொப்பி. அவ்ரத்துக்குக் குறையில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. முதல் தடவை அன்னையார் முந்தினார்கள். காலம் சென்று அன்னையாரின் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது அண்ணலார் முந்தி, அன்றைக்கு இது ஈடு என்ற கருத்தில் சொன்னார்கள். பரிசு வைத்துக் காலோட்டம் ஓடுவதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பரிசில்லாமல் ஓடுவதில் வேறுபாடு இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர் தலையசைத்தார். “அப்ப சரி” என்று நகர்ந்தவர் திரும்பி நின்று இன்னொன்று கேட்டார்: “மூணு தடவ ஆரம்பிச்சு மூணு தடவயும் நின்னு போச்சாமே. அதுக்கப்புறமும் ஓடுறீங்களே, இது சபுரா ஹஜ்ரத், வீம்பா?”

முதல் கேள்விக்குக் கிதாபில் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓட்டத்தைப் பற்றி மட்டுமான கேள்வி அல்ல அது. ஹிஃப்ழு ஓதத் தொடங்கிப் பாதியில் நின்ற பிள்ளையும், கடனை அடைக்கத் தொடங்கி மீண்டும் கடனில் விழுந்த குடும்பத் தலைவரும், பீடியை விட்டு விட்டுத் தொடும் சகோதரரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆகவே வாசக நேசர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, அதன் வழியே பதிலைத் தேடிப் பார்க்கிறேன்.

என் அத்தாவும் ஆலிம். நாற்பது ஆண்டுகள் ஓதிக் கொடுத்தவர்கள். அந்த நாற்பது ஆண்டும் பாயில், கிதாபுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார்கள். நம் உலமாக்களின் அன்றாட வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் மக்தப், பகலில் பாடம், மாலையில் நிக்காஹ், இரவில் வலீமா. அன்போடு அழைக்கிறார்கள், அன்போடு பரிமாறுகிறார்கள். ‘ஹஜ்ரத்துக்கு இன்னொரு துண்டு வைங்க’ என்று சொல்லாத வீடு உண்டா? நடப்பது பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும். அதுவும் இப்போது இருசக்கர வாகனத்தில்!

அத்தாவுக்குச் சர்க்கரை வந்தது. அந்த நோய் காலின் உணர்ச்சியை மெல்ல மெல்ல மரக்கச் செய்துவிடும். இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். செருப்புக் கடித்த புண் வலிக்காது. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? கவனிக்கும்போது அது ஆறுகிற நிலையைத் தாண்டியிருக்கும். 2018ஆம் ஆண்டு அத்தாவின் வலது பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் நாற்காலியில் தொழுகிறார்கள்.

2024 ஜூனில் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், “இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது” என்றார். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. நோன்பிலும் இரவுத் தொழுகையிலும் அளவுமீறி ஈடுபட்ட அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது ஹக்கு உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். என் உடலின் ஹக்கை எவ்வளவு நிறைவேற்றினேன் என்று அன்றுதான் கணக்குப் பார்த்தேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது உடற்பயிற்சி ஆசிரியர். அவர்தான், “ஹஜ்ரத், வெறும் நடைன்னா ஒரு வாரத்துல விட்டுடுவீங்க, ஒரு இலக்கு வேணும்” என்று சொல்லி, ஆரோவில் ஓட்டத்தைப் பற்றிக் கூறினார். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டாரத்தின் செம்மண் பாதைகளில் நடக்கும் ஓட்டம் அது, 2008இல் தொடங்கியது, பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் நடப்பது. முழு மாரத்தான் 42 கிலோ மீட்டரும் 195 மீட்டரும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், 1921இல் உலகுக்கே அளவாக்கப்பட்டது. அதில் பாதி, அதாவது 21 கிலோ மீட்டருக்குச் சற்று மேல், அரை மாரத்தான். அங்கே முதலிடம், இரண்டாமிடம் என்று பரிசு கிடையாது என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. பரிசு மஸ்அலாவே எழவில்லை. ஆரோவில்லின் கொள்கைகள் வேறு, நம் தீன் வேறு. அவர்கள் காட்டுப் பாதையில் ஓடிவிட்டு வருவதற்கு அதைப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜூலையில் தொடங்கினேன். பஜ்ரு தொழுகை முடிந்ததும் முல்லா வீதியைத் தாண்டிக் கடற்கரைக்கு நடை. இரவிலும் அதிகாலையிலும் அந்தச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பது பெரிய வசதி. தெற்கே துப்ளே சிலையிலிருந்து புறப்பட்டு, காந்தி சிலையைக் கடந்து, வடக்கே பழைய சாராய ஆலைப் பக்கம் வரை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ மீட்டர். சாராய ஆலைக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறோம் என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. போக வர மூன்று கிலோ மீட்டர். ஏழு முறை போய் வந்தால் இருபத்தொன்று! ஏழு என்ற எண்ணைக் கண்டதும் ஸஃயை நினைத்தேன். இபாதத்தோடு இதை ஒப்பிட வரவில்லை. எண்ணுவதற்கு எளிதாக இருந்தது, அவ்வளவே.

முதலில் ஐந்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். பிறகு மெல்ல மெல்ல ஓட்டம் கூடி நடை குறைந்தது. மக்தப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். “நாங்க தொழுகைக்கு ஓடிவந்தா ஹஜ்ரத் திட்டுறாங்க, அவங்க மட்டும் பீச்சுல ஓடுறாங்க” என்று ஒரு பொடியன் சொல்லியிருக்கிறான். சரியாகத்தான் சொன்னான். தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பதே நபிகளாரின் கட்டளை.

செப்டம்பரில் ஒன்பது கிலோ மீட்டரை எட்டினேன். ஆறு வாரத்தில் முடிக்கச் சொன்னதை நான்கு வாரத்தில் முடித்திருந்தேன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிறகுதான் எனக்கு விளங்கியது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசைநார்களும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே, மூச்சு வாங்கவில்லையே என்று நினைத்து ஒருவன் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவான், கால் தயாராகியிருக்காது. ஹிஃப்ழு மாணவர்களிடம் இதைத் தினமும் பார்க்கிறோம். புதுப்பாடத்தை விரைந்து ஓதும் பிள்ளை பழைய பாடத்தைக் கேட்டால் விழிக்கும்.

ஒரு நாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்து தரையில் கால் வைத்தபோது, குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலி. பத்து எட்டு நடந்ததும் குறைந்தது. ஆகவே ஓடினேன். மறுநாளும் வலி, மறுநாளும் ஓட்டம். யாரிடமும் சொல்லவில்லை. ‘இது சோதனை, சபுர் செய்கிறேன்’ என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் சென்றது. தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பில் விரல்களை ஊன்ற முடியவில்லை. ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது தடுமாறினேன். பின்னால் நின்ற ஜமாஅத் அதைக் கவனித்தது. கடைசியில், இமாமத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து நாட்கள் ஓரத்தில் நின்று தொழ வேண்டியதாயிற்று. வீட்டில், “என்னங்க, ஓட்டத்துக்குக் கால் வேணும்னு பார்த்தீங்க, தொழுகைக்குக் கால் வேணாமா?” என்று கேட்டார்கள். வெட்கமாக இருந்தது.

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் உண்டு. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள் கடும் கோபத்துடன் கண்டித்து, அறியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்ற கருத்தில் கூறினார்கள். சொன்னவர்கள் தீனில் பற்றில்லாதவர்கள் அல்லர். சிரமம்தான் சிறப்பு என்று நினைத்துவிட்டார்கள். நானோ எவரையும் கேட்கவே இல்லை.

மருத்துவரிடம் போனபோது அவர் சிரித்தார். குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை போகும் பட்டையான நார் புண்பட்டிருக்கிறது. ஓய்வும் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும்தான் மருந்து. வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள் என்றார். “வலி வந்த முதல் வாரத்தில் வந்திருந்தால் பத்து நாளில் போயிருக்கும். இப்போது ஒன்றரை மாதம்.” என் ‘சபுர்’ எனக்குப் பெற்றுத் தந்த கூலி அதுதான். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகப் பள்ளியின் இரு தூண்களுக்கிடையில் கயிறு கட்டியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை நின்று தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்ற கருத்தில் அருளினார்கள். தொழுகைக்கே கயிறு வேண்டாம் என்றால், கடற்கரை ஓட்டத்துக்கு நான் கட்டிய கயிறு எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டாவது தடங்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். நவம்பர் பிற்பகுதியில் மீண்டும் தொடங்கினேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊரருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டி மீட்டருக்கும் அதிகமான மழை. தெருக்கள் வாய்க்கால்களாயின. 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்டவர்களே, இத்தனை தண்ணீரைக் கண்டதில்லை என்றார்கள். நாங்கள் சோறு ஆக்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் நடந்தோம். அதற்குப்பின் எனக்குக் காய்ச்சல். மூன்று வாரம் போயிற்று. இதில் எனக்கு மனச்சங்கடமே இல்லை. வழக்கமாக ஒரு நற்காரியம் செய்பவர் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, ஆரோக்கியத்தில் ஊரிலிருந்து செய்ததுபோலவே அவருக்கு எழுதப்படும் என்பது புகாரியில் உள்ள செய்தி. வெளியிலிருந்து வரும் தடங்கல் உடலைத்தான் தடுக்கிறது.

மூன்றாவதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ஜனவரியில் அத்தாவின் இடது காலிலும் புண். மருத்துவமனையில் சேர்த்தோம். பகலில் தம்பி, இரவில் நான். இரண்டு வாரம் கழிந்து புண் ஆறத் தொடங்கியது, அல்ஹம்து லில்லாஹ். ஓட்டத்துக்கு முந்தின இரவு அத்தா கேட்டார்கள்: “நாளைக்குத்தானே உன் ஓட்டம்?”

“போகல அத்தா.”

“ஏன்? தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கானே. எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு. போயிட்டு வா.”

“உங்கள விட்டுட்டு நான் ஓடப் போறதா?”

அத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

நஃபில் தொழுகையில் இருந்தபடியே தாயின் அழைப்புக்குப் பதில் சொல்லாத ஜுரைஜின் நிகழ்ச்சியை ஜும்ஆ பயானில் பலமுறை சொன்னவன் நான். பெற்றோருக்குக் கித்மத் செய்வது எந்த நஃபிலையும்விட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்று அத்தா என்னை அழைக்கவில்லை, அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் என்னால் அதிகபட்சம் எட்டுக் கிலோ மீட்டர்தான் ஓட முடியும். இருபத்தொன்றில் பாதிக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். அங்கே நடந்து முடிப்பவர்களும் உண்டு, தடையில்லை. ஆனால் என் மாணவர் பார்ப்பார், ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பார்கள், ஹஜ்ரத் நொண்டிக்கொண்டு கடைசியில் வந்தார் என்று பேச்சு வரும். இந்தப் பயம் எனக்கு இருந்தது. அதற்குக் ‘கித்மத்’ என்று பெயர் வைத்தேனோ? அல்லாஹ்வே அறிந்தவன்.

சகோதரர்களே, தாய்மார்களே! இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குதிகால் வலித்தபோது நின்றிருக்க வேண்டியவன், வீம்புக்கு சபுர் என்று பெயரிட்டு ஓடினேன். போகலாம் என்று வழி திறந்தபோது, பயத்துக்குக் கடமை என்று பெயரிட்டு நின்றேன். ஓடினது அதே நஃப்ஸுதான், நின்றதும் அதே நஃப்ஸுதான். உடுத்திய சட்டைதான் வேறு. ஆகவே, ‘தொடர்கிறவன் பொறுமையாளன், நின்றவன் தோற்றவன்’ என்ற கணக்கு உதவாது. ‘சிரமம் வந்தால் விட்டுவிடு, மார்க்கம் இலேசானது’ என்ற கணக்கும் உதவாது.

முடிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா? உலகம் அப்படித்தான் செய்கிறது. சென்னை மேயராக இருந்து, 2021இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் அவர்களை எடுத்துக்கொள்வோம். அரசியல் பேச வரவில்லை. சர்க்கரை உள்ளவர், சாலை விபத்தில் முழங்கால் அடிபட்டவர். அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். எல்லோரும் பாராட்டுகிறோம், பாராட்டத் தக்கதே. ஆனால் ஐந்தாவது ஓட்டத்தில் அந்த முழங்கால் மீண்டும் ஒடிந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? ‘அடிபட்ட காலோடு இது தேவையா?’ என்றிருப்போம். மனிதர் அதே மனிதர், முயற்சி அதே முயற்சி. நம் வாய்ச்சொல் மட்டும் மாறியிருக்கும்.

சோமாலியாவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய முஹம்மது ஃபாரா 2016இல் ரியோ ஒலிம்பிக்கின் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் பாதி வழியில் கால் தடுக்கி விழுந்தார். எழுந்து ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். நியூகாசில் அருகே நடக்கும் புகழ்பெற்ற அரை மாரத்தானில் 2014 முதல் 2019 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து முதலில் வந்தவர். வென்றதும் ஸஜ்தாவில் விழும் அவருடைய படத்தை நம் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அதே ஃபாரா 2021இல் அடிபட்ட காலோடு மீண்டும் மீண்டும் முயன்றும், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வேண்டிய நேரத்துக்குள் ஓட முடியாமல் போனார். விழுந்து எழுந்தவரும் அவர்தான், எழ முடியாமல் போனவரும் அவர்தான். முதலாவது பொறுமை, இரண்டாவது வீம்பு என்று சொல்ல முடியுமா? முடிவு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது நம் கையில் இருந்ததைப் பற்றி. பலமுள்ள முஃமினைப் பற்றிய ஹதீஸில் (முஸ்லிமில் உள்ளது), பயன் தருவதில் ஆசை வை, அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே என்பதைச் சொன்ன அதே மூச்சில், ஏதேனும் நேர்ந்துவிட்டால் ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று புலம்பாதே என்பதும் வருகிறது.

பின் எதை வைத்துத்தான் அறிவது? நான் பல நாள் யோசித்தேன். விடை, நாம் சின்ன வயதில் ஓதிய ஃபிக்ஹிலேயே இருந்தது. தண்ணீர் இல்லையா? தயம்மும் செய். நோயா? உட்கார்ந்து தொழு. பயணமா? கஸ்ரு செய். இவை ருக்ஸத்து, அதாவது சலுகை. அல்லாஹ் தன் சலுகைகள் எடுத்துக்கொள்ளப்படுவதை விரும்புகிறான். ஆனால் ஒவ்வொரு சலுகையோடும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கிடைத்துவிட்டால் தயம்மும் முறிந்துவிடும். அடுத்த தொழுகைக்கும் மண்ணையே தடவுவேன் என்பவன் சலுகையை எடுத்தவன் அல்லன்; சோம்பலுக்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைத்தவன். ஒருவன் நின்றது உண்மையான காரணத்தாலா, சாக்கினாலா என்பது நிற்கும்போது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். காரணம் நீங்கிய நாளில் தெரியும். அன்று அவன் எழுகிறானா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு உம்ராவுக்கு வந்த ஸஹாபாக்களைப் பார்த்து, மதீனத்துக் காய்ச்சல் இவர்களை வாட்டிவிட்டது என்று குறைஷிகள் பேசினார்கள். தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் தோள்களை அசைத்து விரைந்து செல்லும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஆனால் குறைஷிகளின் பார்வை படாத இரு மூலைகளுக்கிடையில் நடக்கச் சொன்னார்கள். ஏழு சுற்றிலும் விரையச் சொல்லாததற்குக் காரணம் ஸஹாபாக்கள் மீதிருந்த இரக்கமே என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்குகிறார்கள். வீரத்தைக் காட்ட வேண்டிய வேளையிலும் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள்! பின்னாளில் ஹஜ்ஜத்துல் விதாவில் மூன்று சுற்றும் முழுமையாக விரைந்தது வேறு செய்தி.

ஸஹாபாக்களில் பெரும் ஓட்டக்காரர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி). தூகரத் போரிலிருந்து திரும்பும் வழியில், ஓட்டத்தில் தோற்றறியாத அன்ஸாரி ஒருவர், மதீனா வரை என்னோடு ஓட யாருமுண்டா என்று அழைத்தபடி வந்தார். ஸலமா அண்ணலாரிடம் அனுமதி பெற்று இறங்கினார்கள். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடவில்லை. ஒன்றிரண்டு மேடுகள் கடக்கும் வரை மூச்சைச் சேமித்துப் பின்தங்கியே சென்று, பிறகு வேகம் எடுத்து அவரை எட்டிப் பிடித்து, மதீனாவுக்கு முதலில் வந்து சேர்ந்தார்கள். இந்த ஹதீஸை நான் மத்ரஸாவில் ஓதியபோது போர் வரலாறாக மட்டும் ஓதினேன். மேட்டில் மூச்சைச் சேமித்த அந்த இடத்தை, ஓட ஆரம்பித்த பிறகுதான் நின்று வாசித்தேன்.

ரமளான் 2025 மார்ச்சில் வந்தது. தராவீஹுக்குப் பின் நடை மட்டும். பெருநாள் கழிந்த மறுவாரம் துப்ளே சிலையடியில் போய் நின்றபோது, ஜூலையில் நின்ற அதே இடத்தில் அதே கனத்த உடம்புடன் நிற்பதாகத் தோன்றியது. உண்மையில் அன்றைவிடச் சிரமம். முதல் தடவை தொடங்குபவனுக்கு அறியாமை ஒரு துணை. நான்காவது தடவை தொடங்குபவனுக்கு எங்கே வலிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். இரண்டு கிலோ மீட்டர் ஓடுவதற்குள் மூச்சு இரைத்தது. அந்த வாரத்து ஜும்ஆவில்தான் பெரியவர் என்னைத் தூணோரம் அழைத்தார்.

சில வாரம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் யோசித்ததையெல்லாம் சொன்னேன். குதிகாலையும் சொன்னேன், மருத்துவமனை இரவையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் தம் ராணுவக் கதையை எடுத்தார். “முதுகுல மூட்டையோட மார்ச் போவோம் ஹஜ்ரத். மணிக்குப் பத்து நிமிசம் நிறுத்துவாங்க. கால் நல்லா இருக்கு, நான் நிக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. பத்து நிமிசம் ஆனதும் எனக்கு இன்னும் களைப்பா இருக்குன்னும் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் திட்டு ஒண்ணுதான்.” நான் கிதாபு கிதாபாகத் தேடியதை அவர் மூட்டை சுமந்து கற்றிருக்கிறார்.

இப்போது ஒழுங்கு வேறு. வாரத்தில் நான்கு நாள்தான் ஓட்டம். குதிகால் காலையில் பேசினால் அன்று நடை. வீட்டாரிடமும் மாணவரிடமும் சொல்லிவிடுகிறேன். ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை இன்னும் வாசலில்தான் நிற்கிறது. ஓரடி பின்னால் போயிருப்பதாக மருத்துவர் சொல்கிறார். வலீமாக்களில் இரண்டாவது துண்டை மறுத்ததில் இரண்டொரு வீட்டாருக்கு என்மீது வருத்தம்.

அத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைக்கு அழைத்துவருகிறேன். காந்தி சிலைக்கு அருகில் நாற்காலியை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்குவேன். அவர்கள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். ஒவ்வொரு முறை நான் கடக்கும்போதும் கையை உயர்த்துவார்கள். இந்த வாரம் மூச்சிரைக்க வந்து நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு, “அஞ்சு முடிஞ்சது அத்தா” என்றேன்.

“நாலரை” என்றார்கள். “கடைசியில பாதி தூரம் நடந்தே. அத நான் சேர்க்கல.”

மக்தபுக்கு நேரமாகியிருந்தது. நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.